முடக்குவாத மருந்துகளின் கதை: வெள்ளைக் குளிசையிலிருந்து வயொக்ஸ் வரை

1964 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இலங்கையின் வடபகுதியைத் தாக்கிய புயலை என் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். தனுஷ்கோடியைக் கடல்கொள்ளச் செய்த அதே புயல்தான். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்செழும்போது, சரிந்த பனைகளையும் பறந்த கூரைகளையும் எவரும் முதலில் சொல்வதில்லை. பெரியம்மாவின் குளிசை முடிந்துபோனதைத்தான் சொல்வோம்.

பெரியம்மாவுக்கு முடக்குவாதம். முதுமையில் வரும் மூட்டுத் தேய்வும் இதுவும் ஒன்றல்ல. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி, மூட்டுகளின் உட்சவ்வைப் பகையென எண்ணித் தாக்குகின்ற நோய் இது. நாற்பது வயதிலேயே அவரது விரல்கள் ஒருபுறமாகச் சாய்ந்துவிட்டன. காலையில் எழுந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குக் கை மடங்காது. தேங்காய் துருவ முடியாது. கொண்டை முடிய முடியாது. வேப்பெண்ணெய், பத்துப்போடுதல், நாட்டு வைத்தியரின் கசாயம் எல்லாம் பார்த்தாயிற்று. பின்னர் யாரோ சொல்லக் கேட்டு, பக்கத்து ஊரில் மருந்துச்சாலை வைத்திருந்த ஓர் அப்போதிக்கரியிடம் போனார். அவர் ஒரு கடதாசிச் சரையில் சின்னஞ்சிறு வெள்ளைக் குளிசைகளைக் கொடுத்தார். பெயர் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

மூன்றாம் நாள் பெரியம்மா கிணற்றடிக்குத் தானே நடந்துபோனார். அந்த ஆண்டு நல்லூர்த் தேருக்கு எங்கள் எல்லோருக்கும் முன்னால் நடந்துவந்தார். ஒரு வருடத்தில் முகம் வட்டமாகப் பூரித்தது. "கொழுத்து நல்லாய் வந்திட்டா" என்று ஊர் சொன்னது. கைகால்கள் மட்டும் மெலிந்துகொண்டே வந்தன என்பதையும், தொட்ட இடமெல்லாம் தோல் கன்றி நீலமானதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புயலால் வீதிகள் அடைபட்டன. மருந்துச்சாலை பூட்டியிருந்தது. சரையில் இருந்த குளிசைகள் தீர்ந்தன. சில நாட்களில் பெரியம்மாவுக்கு ஓயாத வாந்தி, தலைச்சுற்று, எழுந்து நிற்க முடியாத சோர்வு. மாட்டு வண்டியிலும் பின்னர் ஒரு லொறியிலுமாக அவரை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றார்கள். அங்கிருந்த இளம் வைத்தியர் அவரது முகத்தையும் வயிற்றுத் தோலில் ஓடிய ஊதா நிறக் கீற்றுகளையும் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாராம்: "அம்மா, வெள்ளைக் குளிசை எவ்வளவு காலம் போட்டனீங்கள்?" அந்தக் கேள்வியால் பெரியம்மா பிழைத்தார். அப்போது எனக்கு வயது 12. வந்தது நோயால் அன்று, மருந்து நின்றதால் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது எனக்கு விளங்கவேயில்லை.

அது விளங்குவதற்கு நாம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள றொச்செஸ்டர் என்ற சிறு நகருக்குப் போகவேண்டும்.

அங்குள்ள மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற வாதநோய் வைத்தியர் பணியாற்றினார். 1929 இல், முடக்குவாதத்தால் வருந்திய 65 வயதான ஒருவர் - அவரும் ஒரு வைத்தியர்தான் - தமக்கு மஞ்சட்காமாலை வந்தவுடன் மூட்டு வலி மறைந்துவிட்டது என்று ஹென்ச்சிடம் சொன்னார். கர்ப்பிணிகளுக்கும் அவ்வாறே வலி தணிவதை ஹென்ச் பின்னர் கவனித்தார். உடலே சுரக்கின்ற ஏதோ ஒரு பொருள் இந்நோயைத் தணிக்கிறது என்பது அவரது ஊகம். அதற்கு அவர் 'பொருள் எக்ஸ்' என்று பெயரிட்டு இருபது ஆண்டுகள் தேடினார். அதே கிளினிக்கில் இரசாயனவியலாளர் எட்வேர்ட் கென்டல், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பியிலிருந்து பல பொருட்களைப் பிரித்தெடுத்து, அவற்றுக்கு ஆங்கில எழுத்துகளையே பெயராக வைத்திருந்தார். அவற்றுள் 'ஈ' என்ற பொருளைச் சோதிக்க வேண்டுமென்று 1941 இல் இருவரும் பேசிக்கொண்டனர். ஆனால் சோதிப்பதற்குப் போதிய அளவு பொருள் உலகில் எங்குமே இருக்கவில்லை. மாட்டுப் பித்தத்திலிருந்து தொடங்கி, முப்பதுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து அதைத் தயாரிக்கவேண்டியிருந்தது. ஜேர்மன் விமானிகளுக்கு அதிரீனல் சாறு ஊசி ஏற்றப்படுகிறது என்று யுத்தகாலத்தில் ஒரு வதந்தி பரவியது. அந்த வதந்தியே அமெரிக்க அரசாங்கத்தின் பணத்தை இந்த ஆராய்ச்சிக்குத் திருப்பியது. பொய்ச்செய்தியால் விளைந்த நன்மைகளைப் பட்டியலிட எவரேனும் விரும்பினால் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1948 செப்டெம்பர் 21 ஆம் திகதி, மருத்துவ ஏடுகளில் 'திருமதி ஜி' என்று மட்டும் குறிக்கப்படும் 29 வயதுப் பெண்ணுக்கு அந்த மருந்து முதன்முதலில் ஊசியாக ஏற்றப்பட்டது. வேறெந்தச் சிகிச்சையும் பலிக்காத நிலையிலும், குணமாகாமல் வீடு திரும்பமாட்டேன் என்று வைத்தியசாலையிலேயே தங்கியிருந்தவர் அவர். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். சில நாட்களில் அவர் சிரமமின்றிக் கட்டிலில் புரண்டு படுத்தார், நடந்தார். ஒரு வாரத்தில் நகருக்குப் போய்க் கடைகளில் மணிக்கணக்காகச் சுற்றிவிட்டு வந்தார். 1949 ஏப்ரலில் தம் சக வைத்தியர்களுக்கு முன்னால் ஹென்ச் அசைபடங்களைக் காட்டினார். முதற் காட்சியில் தள்ளாடித் தவழ்ந்தவர்கள் அடுத்த காட்சியில் படியேறினார்கள். மருந்துக்குக் கோர்ட்டிசோன் என்று பெயர் சூட்டப்பட்டது. மறு ஆண்டே, 1950 இல், ஹென்ச், கென்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு விரைவாக அப்பரிசு தேடிவந்த சந்தர்ப்பங்கள் மிகச் சில.

ஆனால் பரிசு வழங்கப்படுமுன்னரே கணக்குத் திரும்பத் தொடங்கிவிட்டது. வட்டமுகம், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, எலும்பு நலிவு, இரைப்பைப் புண், சிலருக்கு மனக்குழப்பம். மருந்தை நிறுத்தினால் நோய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பியது. ஹென்ச் இவற்றை மறைத்தார் என்று சொல்லமுடியாது. இது நோயைத் தீர்க்கும் மருந்தன்று என்று அவரே எச்சரித்திருந்தார். பத்திரிகைகள்தாம் 'அற்புத மருந்து' என்ற சொல்லை விடவில்லை. 1954 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. முடக்குவாதத்தின் ஆரம்ப நிலையிலிருந்தோரில் ஒரு சாராருக்குக் கோர்ட்டிசோனும் மற்றொரு சாராருக்கு அஸ்பிரினும் கொடுத்துப் பார்த்ததில், நீண்டகாலப் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நோபெல் பரிசு பெற்ற மருந்துக்கும் பெட்டிக்கடையில் விற்கும் குளிசைக்கும் இடையில்! 1956 இல், கோர்ட்டிசோன் உட்கொண்டு புத்தி பேதலிக்கும் ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றி ஹொலிவூட்டில் ஒரு படமே எடுத்தார்கள். ஜேம்ஸ் மேசன் நடித்தார்.

பெரியம்மாவுக்கு நேர்ந்தது இதுதான். 1955 இல் கோர்ட்டிசோனின் உறவினரான பிரெட்னிசோன் குளிசையாகச் சந்தைக்கு வந்தது. பிரெட்னிசொலோனும் உடன் வந்தது. வீரியம் கூடியது, காலப்போக்கில் விலையும் மலிந்தது. ஆகவே அது உலகத்தின் எந்த மூலையிலுமுள்ள எந்த மருந்துச்சாலைக்கும் போய்ச் சேரக்கூடியதாயிற்று. வெளியிலிருந்து இந்த ஓமோன் நாள்தோறும் வந்துகொண்டிருந்தால், தன் வேலை தேவையில்லை என்று அதிரீனற் சுரப்பி உறங்கிப்போகும். அதைப் படிப்படியாகத்தான் எழுப்பவேண்டும். திடீரென மருந்தை நிறுத்தினால், உடலுக்கு உள்ளிருந்தும் ஓமோன் இல்லை, வெளியிலிருந்தும் இல்லை. இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். பெரியம்மா அதன் பின்னர் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். கடைசியில் வாசற்படியில் கால் இடறி இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்து இறந்தார். அந்த அப்போதிக்கரியை நான் பல காலம் மனதுக்குள் ஏசியிருக்கிறேன். இன்று அவ்வளவு கோபமில்லை. பெரியம்மாவுக்கு நான்கு ஆண்டுகள் தன் கொண்டையைத் தானே முடியக் கிடைத்தது. அதற்கு வேறு வழி எதுவும் அக்காலத்தில் எங்கள் ஊரில் இருக்கவில்லை. அவர் செய்த பிழை, குளிசையின் பெயரைச் சரையில் எழுதாமல் விட்டது.

இந்நோய்க்கு அக்காலத்தில் வேறு மருந்துகளும் இருந்தன. 1929 இல் பிரான்சின் ஜாக் ஃபொரெஸ்தியே தங்க உப்புகளை ஊசியாக ஏற்றத் தொடங்கினார். பொன்னூசி சிலருக்குப் பலன் தந்தது; வேறு சிலரின் சிறுநீரகத்தையும் இரத்தத்தையும் பழுதாக்கியது. மலேரியா மருந்தான குளோரோகுயின் இனத்தவை மூட்டுக்கு இதம் தந்தன. ஆண்டுக்கணக்கில் எடுத்தால் விழித்திரையைக் கெடுக்கக்கூடும் என்பது 1950களின் இறுதியில் தெரியவந்தது. 1980 இல் பிரித்தானியாவில் 'ஒப்ரன்' என்ற பெயரில் வெளிவந்த பெனொக்சப்ரொஃபென், முதியோரின் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கியதால் 1982 ஓகஸ்டில் மீளப்பெறப்பட்டது. மரணங்களைப் பற்றிய தகவலை உரிய முறையில் அறிவிக்கத் தவறியதாக எலை லில்லி நிறுவனம் 1985 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டப்பணம் 25,000 டொலர். எண்ணில் அச்சுப்பிழை இல்லை.

இனி நான் சொல்லப்போவது எனக்குச் சங்கடமான பகுதி.

பெரியம்மாவின் மகளுக்கும் அதே நோய் வந்தது. எனக்கு அவர் அக்கா. 1980களின் இறுதியில் கனடாவுக்குப் போய் ரொறன்ரோவில் குடியேறினார். வலிநிவாரணிகள் அவரது இரைப்பையைப் புண்ணாக்கி, ஒருமுறை இரத்த வாந்தியெடுத்து வைத்தியசாலையில் இருந்தார். அக்காலத்தில் நான் கொழும்பில் ஒரு நாளேட்டின் செய்திமேசையில் வேலை செய்துகொண்டிருந்தேன். வாரம் ஒருமுறை வரும் சுகாதாரப் பக்கமும் என் பொறுப்பில் இருந்தது.

அஸ்பிரின் வகை மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை 1971 இல் ஜோன் வேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டறிந்திருந்தார். ஒரே நொதியைத் தடுப்பதால் வலியும் தணிகிறது, இரைப்பையின் காப்பும் குறைகிறது. அந்நொதி இரு வகைப்படும் என்பது 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது. வீக்கத்தோடு தொடர்புடைய இரண்டாம் வகையை மட்டும் தடுத்தால் வயிற்றைக் காப்பாற்றலாம் அல்லவா? தருக்கம் அழகானது. மேர்க் நிறுவனத்தின் ரொஃபெகொக்சிப் 1999 மே மாதத்தில் 'வயொக்ஸ்' என்ற பெயரோடு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2000 ஆம் ஆண்டில் மட்டும் பொதுமக்களை நோக்கிய விளம்பரத்துக்கு 160 மில்லியன் டொலர் செலவிடப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் முடக்குவாத நோயாளர் 8,000 பேருக்கு மேல் பங்குகொண்ட ஓர் ஆய்வு வெளிவந்தது. பாதிப் பேருக்கு வயொக்ஸ், மறுபாதிக்கு நப்ரொக்சென் என்ற பழைய மருந்து. வயொக்ஸ் எடுத்தோரிடையே இரைப்பை, குடல் பாதிப்புகள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தன. அச்செய்தி வெளிநாட்டுச் செய்திச்சேவை ஒன்றின் வழியாக என் மேசைக்கு வந்தது. அக்காவை நினைத்துக்கொண்டே அதை ஆர்வத்தோடு தமிழாக்கினேன். 'வயிற்றைப் புண்ணாக்காத வலிநிவாரணி' என்பது நான் இட்ட தலைப்பு. பக்கத்தை வடிவமைத்தபோது நான்கு வரி மிஞ்சியது. செய்தியைக் கீழிருந்து வெட்டுவதே எங்கள் தொழிலின் பழக்கம். முக்கியமானவை மேலே இருக்கும் என்பது விதி. கடைசிப் பந்தியை வெட்டினேன். மாரடைப்பு வயொக்ஸ் எடுத்தோரிடம் கூடுதலாகக் காணப்பட்டது, மற்றைய மருந்து இதயத்தைக் காப்பது அதற்குக் காரணமாகலாம் என்று அந்தப் பந்தி சொன்னது.

அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அக்காவுக்குத் தபாலில் அனுப்பினேன்.

அந்த நான்கு வரிக்குள் இருந்த கணக்கு இது: மாரடைப்பு வந்தோர் வயொக்ஸ் பக்கத்தில் 0.4 வீதம், நப்ரொக்சென் பக்கத்தில் 0.1 வீதம். 'வயொக்ஸ் மாரடைப்பைக் கூட்டவில்லை, நப்ரொக்சென்தான் குறைத்தது' என்பது நிறுவனத்தின் விளக்கம். நாற்காலி உயர்ந்ததா, தரை தாழ்ந்ததா என்ற விவாதம் போன்றது இது. வெறும் குளிசை பெற்ற ஒரு பிரிவு அந்த ஆய்வில் இல்லாததால் விடை தெரியாதிருந்தது. விடை தெரியாத இடத்தில் விற்பனை நடந்தது. ஆய்வில் உண்மையில் நேர்ந்த மாரடைப்புகளுள் மூன்று, வெளியான கட்டுரையில் சேர்க்கப்படவில்லை என்பதை அதை வெளியிட்ட சஞ்சிகையே 2005 டிசம்பரில் கவலையோடு அறிவித்தது. இதயப் பாதுகாப்பைப் பற்றி நிறுவனம் வெளியிட்ட ஓர் அறிக்கையைக் கண்டித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001 செப்டெம்பரிலேயே கடிதம் எழுதியிருந்தது. மருந்துப் பெட்டியிலுள்ள குறிப்பில் மாற்றம் வந்ததோ 2002 ஏப்ரலில்தான்.

2003 மாரிகாலத்தில் அக்காவுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார்.

2004 செப்டெம்பர் 30 ஆம் திகதி மேர்க் நிறுவனம் வயொக்ஸை உலகச் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. பெருங்குடல் கட்டிகளைத் தடுக்குமா என்று பார்க்கும் இன்னோர் ஆய்வில், வெறும் குளிசை பெற்றோருடன் ஒப்பிட்டபோது, 18 மாதங்களுக்கு மேல் வயொக்ஸ் எடுத்தோருக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தன. தரை தாழவில்லை, நாற்காலிதான் உயர்ந்தது என்பது முடிவாயிற்று. முந்திய ஆண்டில் அம்மருந்தின் விற்பனை 2.5 பில்லியன் டொலர். அச்செய்தி இரவு என் மேசைக்கு வந்தபோது கையொப்பமிட்டு அச்சுக்கு அனுப்பியவனும் நானே. இம்முறை ஒரு வரியையும் வெட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது.

"தம்பி, நீ அனுப்பின பேப்பரிலை இருந்த குளிசைதானே இது?"

"ஓம் அக்கா."

"டொக்டர் நிப்பாட்டச் சொல்லிப்போட்டார்" என்றார். பிறகு பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அவரது மாரடைப்புக்கு வயொக்ஸ்தான் காரணமா? எவராலும் சொல்லமுடியாது. முடக்குவாதமே இதய நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்ற நோய். அவரது தந்தையாரும் இதய நோயால் இறந்தவர். ஆயிரக்கணக்கானோரை ஒப்பிடும்போது தெளிவாகத் தெரிகின்ற உண்மை, ஒரு தனி மனிதரின் கட்டிலருகே நின்று பார்க்கும்போது மறைந்துவிடுகிறது. மருந்துப் பாதுகாப்பிலுள்ள பெரிய இடர்ப்பாடு இதுவே. தோல் வெடிப்பையோ கண்பார்வைக் குறைவையோ மருந்தோடு தொடர்புபடுத்தலாம். மாரடைப்பு எப்படியும் வருகின்ற நோய். அது கூடியிருக்கிறதா என்பது எண்ணிப் பார்த்தால் அன்றித் தெரியாது. அந்த நிர்வாகத்தின் உள்ளேயே பணியாற்றிய டேவிட் கிரஹாம் 2004 நவம்பரில் செனற் குழுவின் முன் சாட்சியமளித்து, அமெரிக்காவில் 88,000 முதல் 139,000 பேர் வரை இம்மருந்தால் மாரடைப்புக்கோ பாரிசவாதத்துக்கோ உள்ளாகியிருக்கலாம் என மதிப்பிட்டார். மதிப்பீட்டை மறுத்தோரும் உண்டு. 2007 இல் மேர்க் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே 4.85 பில்லியன் டொலருக்கு வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது. 2011 இல் அமெரிக்க நீதித் திணைக்களத்துடன் 950 மில்லியன் டொலருக்கு உடன்பட்டது. அதில் அடங்கிய குற்றச்சாட்டு, முடக்குவாதத்துக்கென 2002 ஏப்ரலில் அனுமதி கிடைக்குமுன்னரே அந்நோய்க்கு வயொக்ஸை விளம்பரப்படுத்தியது என்பதாகும். 2001 இல் என் கத்தரிப்புத் தாள் கடல்கடந்து போனதும் அந்தக் காலத்தில்தான்.

எங்கள் நாட்டில் பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் தலைமையை ஏற்றபோது, வணிகப் பெயர்களை விடுத்து மருந்துகளைப் பொதுப்பெயர்களால் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று போராடினார். 1977 இல் கயானாவில் காலமானார். விலையைக் குறைக்கும் திட்டமாகவே நான் அதை இளமையில் விளங்கிக்கொண்டேன். பெரியம்மாவின் பெயரில்லாத சரையையும், உலகமே அறிந்த பெயரோடு வந்த அக்காவின் பெட்டியையும் சேர்த்துப் பார்க்கும்போது அது வேறொன்றாகவும் தெரிகிறது.

அக்கா இன்று எடுக்கின்ற மருந்துக்கும் ஒரு கதை உண்டு. அதன் வேர் எங்களுக்குச் சற்று அருகில் இருக்கிறது. ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895 இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்ததால் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1923 இல் அமெரிக்கா சென்றார். பிற்காலத்தில் லெடர்லி ஆய்வுகூடத்தில் அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தையும், அதன் வேலையைத் தடுக்கும் பொருட்களையும் தயாரித்தது. அப்பொருட்களுள் ஒன்றால் சிட்னி ஃபார்பர் 1948 இல் இரத்தப் புற்றுநோய்ச் சிறுவர்களுக்குத் தற்காலிகமாகவேனும் உயிர்ப்பிச்சை அளித்தார். மற்றொன்றுதான் மெதொட்ரெக்சேற். சுப்பாராவ் 1948 ஓகஸ்டில் இறந்தார். திருமதி ஜிக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது அதற்கு ஆறு வாரங்களின் பின்னர்.

1951 இலேயே இவ்வின மருந்து முடக்குவாதத்துக்கும் உதவுமென ஓர் அமெரிக்க வைத்தியர் எழுதினார். கோர்ட்டிசோன் வெளிச்சத்தில் எவரும் அதைக் கவனிக்கவில்லை. 1985 இல் முறையான சோதனைகள் வெளிவந்து, 1988 இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவில் மிகச் சிறு பங்கு, அதுவும் வாரத்தில் ஒரு நாள் மட்டும். இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதலில் எழுதப்படும் மருந்து இதுவே. ஆபத்தும் அந்த 'வாரத்தில் ஒரு நாள்' என்பதிலேயே இருக்கிறது. வழமைபோல் தினமும் விழுங்கியவர்களின் எலும்பு மச்சை செயலிழந்து, வாய் புண்ணாகி, கிருமித்தொற்றால் மரணம் நேர்ந்திருக்கிறது. இத்தவறு தொடர்ந்து நிகழ்ந்ததால், 2019 இல் ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் பெட்டிகளிலேயே எச்சரிக்கை பொறிக்கவேண்டுமென்றது. கருவுற்றோர் இதைத் தொடவே கூடாது. ஈரலையும் இரத்தத்தையும் அடிக்கடி சோதிக்கவேண்டும்.

இதற்குப் பின் வந்த புதிய மருந்துகளும் தம் விலையைக் கேட்காமலில்லை. 1990களின் இறுதியில் வந்த ஊசிமருந்துகள் பலரை நாற்காலியிலிருந்து எழுப்பின; உடலில் உறங்கிக்கிடந்த காசநோயையும் எழுப்பின என்பது 2001 இல் தெரிந்தது. எங்கள் பிராந்தியத்தில் இது சிறிய விடயமன்று. 2012 இல் வந்த டொஃபசிற்றினிப் என்ற குளிசை, இதய நோய்க்கான வாய்ப்புள்ள 50 வயதைக் கடந்தோரிடம் மாரடைப்பையும் புற்றுநோயையும் கூட்டக்கூடும் என்று 2021 இல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை இடப்பட்டது. ஆனால் இம்முறை அனுமதி கொடுத்தபோதே அந்தக் கணக்கெடுப்பைச் செய்துதர வேண்டுமென நிபந்தனை விதித்திருந்தார்கள், அதனால்தான் தெரிந்தது.

எந்த மருந்தையும் நிறுத்துங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரியம்மாவுக்கு நேர்ந்ததை அறிந்தவன் அப்படிச் சொல்லமாட்டான். சிகிச்சையின்றி விடப்பட்ட முடக்குவாதம் கைகளை என்ன செய்யும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு இப்போது வயது 79. விரல்கள் நேராகவே இருக்கின்றன. மெதொட்ரெக்சேற்றை வெள்ளிக்கிழமை இரவு எடுக்கிறார். விரத நாள் என்பதால் மறக்காது என்கிறார். மறுநாள் ஃபோலிக் அமிலம். சமையலறை நாட்காட்டியில் வெள்ளிக்கிழமைகளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். சென்ற வாரம் பேசியபோது, புதிதாக ஒரு மருந்து வந்திருப்பதாக எங்கோ வாசித்தேன் என்று நான் தொடங்கினேன்.

"முழுக்க வாசிச்சனியோ?" என்று கேட்டார்.